புது லேப்டாப் வாங்கும் முன்



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் பிறகு என்னைப் போன்ற வரி ஆலோசகர்கள் பலர், நன்றாக ஓடும் லேப்டாப்பைக்கூடத் தூக்கிப்போடத் தயாராகிவிட்டார்கள். என்னுடையது 2018-இல் வாங்கியது. "இதுல விண்டோஸ் பதினொன்று ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பரிசோதனைச் செயலியை ஓட்டிப் பார்த்தேன். எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், அதில் குறையில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் மட்டும் இல்லை என்று காட்டியது. கணினியின் பயாஸ் அமைப்புகளுக்குள் போனால், அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்! ஆன் செய்ததும் எல்லாம் பச்சை டிக்.

ஆனாலும் அன்றே மேம்படுத்தவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் யாரும் மேம்படுத்தலில் கைவைக்க வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்குப் புதிய டிரைவர் இருக்கிறதா, பிரிண்டர் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள். கணக்குக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே தொடங்கினேன். உண்மையிலேயே ஏறாத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால், கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் தாராளமாகப் போதும். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொல்வது கடைக்காரர்களின் கடமை என்றே நினைக்கிறேன்.

– வரி ஆலோசகர், ஈரோடு