பொறுமையும் பிள்ளையின் ஹக்கும்

 

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். தாமிரபரணிக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒரு தந்தை, தம் எட்டு வயது மகனின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். "ஹஜரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். பிறகு மகனின் சட்டையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். வயிற்றில் நீளமான அறுவைத் தழும்பு.

இருபத்திரண்டு மாதங்களுக்கு முன் அச்சிறுவனுக்கு வயிற்று வலியும் வாந்தியும் காய்ச்சலும் கண்டிருக்கின்றன. இரண்டு நாட்களுக்குள் மூன்று முறை ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். மூன்று முறையும் அஜீரணம் என்று கூறி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனை இல்லை; ஸ்கேன் இல்லை. மூன்றாம் நாள் இரவு குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது. வேறொரு மருத்துவமனையில் அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தான். ஒன்றரை மாதம் படுக்கை, தாயின் நகைகள் அடகு, பள்ளிப் படிப்பில் ஓராண்டு இழப்பு. இனியும் ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்களாம்.

"வழக்குப் போடச் சொல்கிறார்கள், ஹஜரத். போட்டால் அல்லாஹ்வின் கத்ரைப் பொருந்திக்கொள்ளாத குற்றம் வந்துவிடுமா? டாக்டரை மன்னித்துவிடுவதுதான் ஈமானுக்கு அழகு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்."

வாசகர்களே, இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம் வீடுகள் பலவற்றில் இக்கேள்வியே பலரின் வாயை மூடிவைத்திருக்கிறது. ஆகவே அவருக்குக் கூறிய பதிலை உங்களுக்கும் கூறுகின்றேன்.

நேர்ந்த துன்பத்தை இறைவனின் நாட்டம் என ஏற்பது ஈமானின் கடமை. அதில் ஐயமில்லை. ஆனால் பொறுமை என்பது நம் உள்ளத்தின் நிலை. ஹக் என்பது பிள்ளையின் உடைமை. தந்தை தமக்கு நேர்ந்த மனவேதனையை மன்னிக்கலாம், அது அவருடையது. மகனின் உடலுக்கு நேர்ந்த இழப்பிற்கான ஈட்டுத்தொகையோ மகனுக்குரியது. சிறுவரின் உடைமையை இலவசமாக விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வலிக்கு இல்லை என்பது ஃபிக்ஹின் பொது விதி. தந்தை அங்கே உரிமையாளர் அல்லர், அமானிதக்காரர்.

வியப்பு என்னவெனில், நம் நாட்டின் சட்டமும் இதே வேறுபாட்டைக் காண்கிறது. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பைப் பாருங்கள். சிகிச்சையை ஏற்பாடு செய்த பெற்றோரும் நுகர்வோரே. அதன் பயனைப் பெறும் குழந்தையும் நுகர்வோரே என்று அது தீர்மானித்தது. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாயும், பெற்றோரின் மனவேதனைக்காகத் தனியே ஐந்து லட்சமும் உறுதிசெய்யப்பட்டன. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு!

மருத்துவர் செய்த தவறெல்லாம் குற்றமாகிவிடுமா? ஆகாது. வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். துறை அறிந்தவர் முறைப்படி செய்தும் நோய் தீராவிட்டால் அவர்மீது பொறுப்பில்லை என்றே இமாம்கள் விளக்கியுள்ளனர். உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் வகுத்த அளவுகோலும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. நோயைக் கண்டறியத் தவறினார் என்பது மட்டும் போதாது. அதே நிலையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் கேடு விளைந்ததா என்பவையே கேள்விகள்.

நம் மாநிலத்து வழக்கொன்று இதனைத் தெளிவாக்கும். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். சுமார் 25 நாட்கள் பிராணவாயு முதலிய சிகிச்சைகள் பெற்று வீடு திரும்பியது. இத்தகைய குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் இரத்த நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் வரக்கூடும். உரிய வாரங்களில் கண் பரிசோதனை செய்தால் தடுக்க வழியுண்டு. அப்பரிசோதனை செய்யப்படவில்லை, செய்யுமாறு பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. நோய் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தை பார்வையை இழந்தது.

தந்தை கிருஷ்ணகுமார் தளரவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் ஐந்து லட்சம் ரூபாய் வழங்கியது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தீர்ப்பு வந்தது. எதிர்காலச் செலவுகளுக்காக 1 கோடியே 38 லட்சம் ரூபாயும், அதுவரை செலவானதற்காக 42,87,921 ரூபாயும் வழங்க உத்தரவாயிற்று. அதன் பெரும்பகுதியை மாநில அரசே ஏற்க வேண்டியதாயிற்று. அப்போது அப்பெண்ணுக்கு வயது பதினெட்டு. விலைவாசி உயர்வைக் கணக்கிட்டு, அவளுடைய ஆயுட்காலம் முழுவதையும் மனத்தில் கொண்டு நீதிமன்றம் தொகையை நிர்ணயித்தது. அத்தந்தை 'விதி' என்று வாளாவிருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கையில் எதுவும் இருந்திராது.

(34 வாரத்திற்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த முப்பது நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். இதனை நம் தாய்மார்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.)

சரி, பெற்றோர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, ஏடுகள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம். அது கடன் விவகாரத்தை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வதற்காகவே அருளப்பட்டது. எழுத்தின் அருமையை நமக்கு வேறு யார் கற்பிக்க வேண்டும்? மருந்துச்சீட்டு, ரசீது, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய அனைத்தையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்திற்குள் நகல் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. வாய்மொழியாகக் கேளாதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

இரண்டாவது, அதே துறையின் வேறொரு மருத்துவரிடம் எழுத்துமூலமான கருத்து. எல்லா வழக்கிற்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமன்று என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அது மலேரியாவை டைபாய்டு என்று எண்ணிச் சிகிச்சையளித்ததில் ஒரு பெண்மணி மரணமடைந்த வழக்கு. எனினும் நிபுணர் கருத்து இருந்தால் வழக்கிற்கு வலு.

மூன்றாவது, எங்கே செல்வது? பணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதென 1995-இலேயே தீர்ப்பாகிவிட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம்; திருநெல்வேலிக்காரர் சென்னைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதாடவும் அனுமதி உண்டு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தாமதத்தைத் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்திற்குள் வராது. அப்போது உரிமையியல் நீதிமன்றம் உண்டு. அரசு மருத்துவமனையாயின் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவும் உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அது அவருடைய பதிவை நிறுத்திவைக்கலாம், இழப்பீடு தராது. காவல் நிலையத்துக் குற்ற வழக்கிற்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும்.

பணமில்லையே என்போர்க்கு ஒரு செய்தி: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. துக்கத்தின் வேகத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்காதீர்கள். 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை. நீதி கேட்க வந்தவர் குற்றவாளியாகிவிடுவார். மற்றொன்று, யாரோ நடுவில் நின்று ஒரு தொகையைக் கொடுத்து நீட்டும் தாளில் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். அது பிள்ளையின் ஹக்கை விற்கும் தாளாக இருக்கலாம்.

ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாதென்பது இறைகட்டளை. மனுவில் ஒரு சொல்லும் மிகையாக வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தவறு செய்யாத மருத்துவர்மீது பழி சுமத்துவதும் ஹக்கைப் பறிப்பதேயாகும்.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த அத்தந்தை விரல்விட்டு எண்ணினார். இரண்டு ஆண்டு நிறைவதற்கு ஏழு வாரங்களே எஞ்சியிருந்தன. மதரஸா மேசையில் அமர்ந்து, மருத்துவப் பதிவேடுகளின் நகல் கோரும் கடிதத்தைத் தம் கையாலேயே எழுதினார். மறுவாரம் நகல்கள் கிடைத்தன. அடுத்து மனுவும் தாக்கலாகிவிட்டது. தீர்ப்பு எவ்வாறு அமையுமென்பது அல்லாஹ்வின் கையில். அதையும் பொறுமையோடு ஏற்பேன் என்கிறார் அவர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதே நாம் கற்ற தவக்குல். உங்கள் பிள்ளையின் மருத்துவச் சீட்டுகள் இன்று எந்த அலமாரியில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அல்லாஹ் நம் குழந்தைகள் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.