ஏரி உள்வாயில் வீடு வந்தால் கழனிக்குத் தண்ணி ஏது?



நம்ம பெரிய ஏரியின் உள்வாய் ஓரம் மனைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, "ஏரிக்காத்து வாங்கலாம் வாங்க"ன்னு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். போட்டோவில் ஏரி தளும்புது. அந்தத் தண்ணி எந்த மாசம் எதுவரைக்கும் ஏறி நிற்கும் என்பதை மட்டும் போடவில்லை.

டீக்கடையில் பேச்சு பலவிதம். "பட்டா நிலம், அவன் வித்தா உனக்கென்ன?" என்கிறார் ஒருவர். "நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும்" என்கிறார் இன்னொருவர். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நெல்லுக்குக் கட்டுபடியான விலை இல்லை, பொண்ணு கல்யாணம், வட்டி. அந்தக் கஷ்டம் நமக்கும் தெரியும். ஆனால் பட்டாவே இருந்தாலும், ஏரி நிறைந்தால் தண்ணி ஏறும் இடம் அது. காலாகாலமாக அங்கே தண்ணி வடிந்த பிறகுதான் பயிர் வைத்தார்கள். வீட்டைத் தண்ணி வடிந்த பிறகு கட்டி, மழைக்கு முன்னால் அறுத்துக்கொண்டு போக முடியுமா?

நடக்கப்போவது இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி கலங்கல் மட்டத்துக்கு வரும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணி நிற்கும். உடனே மறியல், தாசில்தாருக்கு போன். அதிகாரி வந்து என்ன செய்வார்? மதகைத் திறப்பார், இல்லையென்றால் கலங்கலை உடைப்பார். நவரைக்கு வேண்டிய தண்ணி மார்கழிக்குள் ஓடிப்போகும். நம்ம கிணறும் அதோடு இறங்கும். வீட்டுக்காரனையும் குற்றம் சொல்ல முடியாது. கடன் வாங்கி வீடு கட்டினவன் பிள்ளைகுட்டியோடு முழுகவா முடியும்? அவனும் ஏமாந்தவன்தான். ஆக, ஏரி நிறையவே கூடாது என்று நினைக்கிற ஒரு கூட்டத்தைக் கரைக்குள்ளேயே குடிவைக்கப் பார்க்கிறார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்று தனியாகச் சொல்லணுமா?

பட்டணத்தைப் பாருங்கள். சென்னை முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்குப் பெயரே "ஏரித் திட்டம்". பெயரில் ஏரி இருக்கு. வேளச்சேரி ஏரியிலும் பெரும்பகுதி வீடாகிப் போச்சு. 2015 வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். மதுரையில் 2004-ல் திறந்த உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரி கண்மாயில்தான் நிற்குது. யாரிடம் போய் முறையிட!

நாமும் யோக்கியம் இல்லை. வரத்துக்கால்வாயில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கு. ஆளுக்கு ரெண்டு முழம் கரையைக் கழனியோடு சேர்த்துக்கொண்டோம். சங்கத்தில் இதைப் பேசாமல் விட்டது செயலாளர் என்கிற முறையில் என் தப்பும்தான். நம்ம ஆக்கிரமிப்பை நாமே முதலில் எடுத்துவிட்டால்தான் அடுத்தவனைக் கேட்க வாய் வரும்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. குளம், குட்டையைப் பாதுகாக்கணும்னு 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஏரிகளை அளந்து எல்லை காட்டி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. 2011-ல் பஞ்சாப் கிராமத்துக் குளத்து வழக்கில், ஊர்ப் பொது நிலத்தை மீட்க எல்லா மாநிலமும் திட்டம் போடணும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் காகிதம் தானாக நடந்து வந்து மனைக்கல்லைப் பிடுங்காது.

அக்டோபர் 2 கிராமசபைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரணும், பெண்கள் கண்டிப்பாக வரணும். "ஏரியைக் காக்க வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது மூலையில் கிடக்கும். மனை போட்ட சர்வே எண், அடைபடுகிற வரத்துக்கால்வாய், கலங்கல் மட்டம் வரை தண்ணி ஏறும் எல்லையை அளந்து கல் நடணும், அதுவரை அந்த மனைகளுக்கு அங்கீகாரம் கூடாது – இவ்வளவும் எழுத்தில் வரணும். வி.ஏ.ஓ. ஆபீஸில் அ பதிவேடு, புலப்படம் நகல் வாங்கி வையுங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் நோட்டில் போடாதீர்கள், போன தடவை அப்படித்தான் ஏமாந்தோம்.