ஆங்கிலச் சொல் அறிவோம்: எம்பெலிஷ்



முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டு வேலைக்கு எழுதிய ஆங்கில விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தார். 'என் அனுபவத்திற்குச் சான்றிதழ்கள் அணி சேர்க்கின்றன' என்று சொல்ல விரும்பியவர், அகராதியில் 'அழகுபடுத்து' எனக் கண்டு, 'எம்பெலிஷ்' என்னும் வினைச்சொல்லை இட்டிருந்தார். படிப்பவரோ, அனுபவம் மிகைப்படுத்தப்பட்டது என்றன்றோ ஐயுறுவார்!

அழகு என்று பொருள்படும் 'பெல்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. துணியில் பூவேலை செய்வதைக் குறிக்கையில் குற்றமில்லை. செய்தி, கணக்கு, அனுபவம் ஆகியவற்றோடு சேர்ந்தாலோ, நாம் 'கண், காது, மூக்கு வைத்துச் சொல்லுதல்' என்போமே, அப்பொருளைத் தந்துவிடும்.

அறையையும் கேக்கையும் அலங்கரிப்பதற்கு 'டெக்கரேட்' போதும். வீரருக்குப் பதக்கம் அணிவித்துச் சிறப்பிப்பதையும் அச்சொல்லே குறிக்கும். நகை, மலர் முதலியவற்றால் அணிசெய்வதை உயர்நடையில் 'அடார்ன்' என்பர்.

மாணவரின் வாக்கியத்தை, 'சான்றிதழ்களை இணைத்துள்ளேன்' என்று எளிமையாக மாற்றினோம். உள்ளதை உள்ளபடி எழுதியவர்மீது பொய்யர் என்ற ஐயம் விழ, ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. ஆகவே, அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். கீழேயுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்த பின்னரே பேனாவை எடுங்கள்.