எக்ஸ்ரேயில் தெரியாத வலி

சிவப்பு விளக்குக்காகக் கார் நிற்கிறது. பின்னால் வந்த வண்டி 'டொக்'கென்று இடிக்கிறது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் சிறு ஒடுக்கு, அவ்வளவுதான். டிரைவர்கள் இருவரும் நடுத்தெருவில் வாய்ச் சண்டை போட்டு ஓய்ந்ததும் அவரவர் வீடு போய்ச் சேருகிறார்கள். மறுநாள் காலையில் காபி போட எழுந்த வீட்டு அம்மாளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிடரியெல்லாம் வலி; அங்கிருந்து கிளம்பும் தலைவலி வேறு. எக்ஸ்ரே எடுத்தால், "எலும்பெல்லாம் சரியாக இருக்கிறதே!" என்கிறார் டாக்டர். உடனே கூடத்திலிருந்து ஒரு குரல்: "பம்பருக்கே ஒன்றும் ஆகவில்லை, இவளுக்கு என்ன வந்ததாம்? எல்லாம் மனப் பிரமை!"

மனப் பிரமையே அல்ல, சகோதரிகளே.

நம் கழுத்தில் இருப்பவை 7 எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான்!) இவற்றின் பின்புறம், வலமும் இடமுமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னஞ்சிறு மூட்டுகள் உண்டு. பின்னாலிருந்து இடி விழுந்ததும் ஸீட் நம் முதுகை முன்னே தள்ளுகிறது. நாலைந்து கிலோ கனமுள்ள தலையோ இருந்த இடத்திலேயே தங்கப் பார்க்கிறது. நடுவில் அகப்பட்ட கழுத்து, மேல்பாதி முன்னும் கீழ்ப்பாதி பின்னுமாக, பாம்பைப் போல் இரட்டை வளைவாக வளைகிறது. அப்போது அந்தச் சிறு மூட்டுகள் நசுங்கி, அவற்றின் உறை இழுபடுகிறது. இத்தனையும் சுமார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள்! தசைகள் விறைத்துக் காப்பாற்ற அவகாசம் ஏது?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, மூட்டின் உறையைக் காட்டாது. ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் போக்டுக் என்ற டாக்டரும் சகாக்களும் 1990களில் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். விபத்துக்குப் பின் வெகுநாளாகக் கழுத்து வலி தீராதவர்களுக்கு, சந்தேகப்பட்ட மூட்டுக்குச் செல்லும் நுண்ணிய நரம்பை ஊசி மருந்தால் மரத்துப் போகச் செய்தார்கள். ஒரு முறை சீக்கிரம் கலைந்துவிடும் மருந்து. இன்னொரு முறை நெடுநேரம் நிற்கும் மருந்து. எது எந்த மருந்து என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. அந்தந்த மருந்துக்குத் தக்கபடியே வலி அடங்கித் திரும்பினால்தான் கணக்கு. நடிப்பவருக்கு இது சாத்தியமா? 1995ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், 50 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வலியின் இருப்பிடம் அந்தச் சிறு மூட்டுதான் என்று தெரிந்தது.

இந்தத் தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்கே ஜாஸ்தி. ஆனால் பின்னிடிச் சோதனைக்காகக் காரில் உட்கார வைக்கும் பொம்மை மட்டும் வெகுகாலம் சராசரி ஆண்பிள்ளையின் அளவிலேயே இருந்தது! சராசரிப் பெண்ணின் உருவில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண்மணியின் குழுவினர் செய்து காட்டியது 2022ல்தான்.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது? கை கால் மரத்தாலோ, பலம் குன்றினாலோ, நடுக்கழுத்து எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ, நினைவு தப்பியிருந்தாலோ, தலையை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் எப்படியும் போய்க் காட்டிவிடுவது நல்லது. விபத்து நடந்த இடத்தில், "பாவம்!" என்று தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டும் புண்ணியவான்களைத் தடுத்துவிடுங்கள்.

எலும்பில் பழுதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வாரக் கணக்கில் கழுத்துப் பட்டையுடன் படுத்துக் கிடக்கக் கூடாது. பொறுக்கும் அளவில் கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பழக்கி, வீட்டு வேலையைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். அநேகருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும். ஆனால் சுளுக்கு வழிப்பவரிடமும், ஸலூனில் கழுத்தை 'மளுக்'கென்று நெட்டி முறிப்பவரிடமும் மட்டும் போகவே வேண்டாம்!

ஸீட்டின் உச்சியில் ஒரு திண்டு இருக்கிறதே, அது தூங்குவதற்காக வைத்ததல்ல. இடி விழும்போது தலை பின்னே போகாமல் தாங்குவதற்கு வைத்தது. அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வரவேண்டும். தலைக்கும் அதற்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. பெரிய கொண்டை போட்டால் தலை முன்னே தள்ளி நிற்கும். காரில் ஏறும் அன்று பின்னலே சௌகரியம். வீட்டுக்காரர் உயரத்துக்கு வைத்த திண்டு உங்களுக்குப் பொருந்தாது. ஏறி உட்கார்ந்ததும், பெல்ட்டை மாட்டும்போதே, அதையும் ஒரு கை பார்த்துச் சரிசெய்து கொள்ளுங்கள்.