விரால் சினைக்காலத்தில் குளங்களுக்கு 61 நாள் மீன்பிடித் தடை கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம், இலத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தென்காசி மாவட்டம்.

பொருள்: குளங்களில் விரால் மீனுக்குத் தடைக்காலமும் பிடி அளவும் நிர்ணயித்தல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்னர் அளித்த மூன்று மனுக்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இலத்தூரிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் தூண்டில் போடுவோரின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

பார்வையில் கண்ட மூன்று மனுக்களும் வேறோர் அலுவலகத்தில் கொடுத்தவை. யார் மீதும் புகார் சொல்வது எங்கள் நோக்கமன்று என்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. முதல் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது மனுவை நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, ஒரு சாரல் முழுக்கக் காத்திருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் கடலுக்கு மட்டுமே, குளத்துக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இம்மனுவில் பதில் சொல்கிறோம்.

கடலுக்குத் தடை எப்படி வந்தது? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் விசைப்படகுகள் நிறுத்தப்பட்டன. 2017 முதல் அது 61 நாளாகி, இப்போது ஜூன் 14 வரை நீள்கிறது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அதை விட்டுவைக்க வேண்டும் என்பதே காரணம். ஒரே மாநிலத்தில் இரண்டு கரைக்கு இரண்டு காலம் குறித்திருக்கிறார்கள். அந்தந்தக் கரையின் பருவத்தைப் பார்த்துத்தானே குறித்தார்கள்? அதே கணக்கில் மேற்குமலை அடிவாரக் குளங்களுக்கு மூன்றாவதாக ஒரு காலம் குறிப்பதில் என்ன தடை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், பிரிவு 6, குறிப்பிட்ட நீர்நிலைகளில் வலை, பொறி முதலியவற்றைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு விதி இயற்றும் அதிகாரம் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பையே முழுதாக நிறுத்தவும் அனுமதிக்கிறது. இரண்டு ஆண்டு நிறுத்த இடமளிக்கும் சட்டத்தின் கீழ் நாங்கள் கேட்பது 61 நாள்.

இனி விராலைப் பற்றி. இதை மூன்று மனுவிலும் எழுதினோம், மறுபடியும் எழுதுகிறோம். மேற்கே சாரல் பிடித்து, கால்வாயில் புதுத்தண்ணீர் வந்து குளம் விரியத் தொடங்கியதும், கரையோரப் புல்லையும் பாசியையும் விலக்கி விரால் கூடு கட்டும். முட்டை மிதக்கும். பொரித்த பார்ப்பு செக்கச்செவேலென்று கைப்பிடிக் குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டினாற்போல் திரளாக மேலே வந்து, காற்றுக் குடித்து, உள்ளே போகும். அந்தச் சிவப்புக்கு ஒரு முழம் கீழே பெரிய மீன் காவல் நிற்கும். வாரக்கணக்கில் அது அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. தவளை விழுந்தாலும் பாயும், கொக்கின் கால் பட்டாலும் பாயும்.

அந்தப் பாய்ச்சல்தான் அதற்கு எமன். பார்ப்பு மேலே வரும் இடம் பார்த்துத் தவளை கோத்த தூண்டிலைப் போட்டால், பசியில்லாத மீனும் பாய்ந்து கவ்வும். எங்கள் உறுப்பினர்களும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்கள்தாம், மறைக்கவில்லை. போன சாரலில், விடியற்காலை, மடைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மீனை ஒருவர் தூக்கியதைக் கரையில் நின்று பார்த்தேன். இரண்டு கிலோவுக்குக் குறையாது. அன்று சாயங்காலம் அதே இடத்துக்குப் போனபோது சிவப்புத் திரள் நாலாகப் பிரிந்து தடுமாறிக்கொண்டிருந்தது, நீர்க்காகம் இரண்டு அதிலேயே முங்கி முங்கி எழுந்தன. மறுநாள் அங்கே ஒன்றுமில்லை. ஒரு தூண்டில் முள்ளில் போனது ஒரு மீன் அல்ல, ஆயிரக்கணக்கில் வந்திருக்க வேண்டிய மீன்.

தூண்டிலே இப்படியென்றால் கொசுவலையைச் சொல்லவே வேண்டாம். பார்ப்போடு சேர்த்து அள்ளிவிடுகிறது.

எனவே எங்கள் முதற்கோரிக்கை: ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 14 வரை 61 நாள், இலத்தூர் வட்டாரக் குளங்களிலும் அவற்றுக்கு நீர் வரும் கால்வாய்களிலும் விரால் பிடிப்பது, விற்பது இரண்டும் தடை செய்யப்பட வேண்டும். தூண்டிலுக்கும் விலக்கு வேண்டாம். எங்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

இது குற்றாலம் சீசன் என்பது தெரியும். அருவிக்கு வருவோர் விரால் குழம்பு கேட்பதும், விலை ஏறுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். சினை மீனுக்கு அதிக விலை கிடைக்கும் காலமும் அதுவே என்பதால்தான் தானாக யாரும் நிறுத்தமாட்டார்கள், அரசு நிறுத்த வேண்டும் என்கிறோம்.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு நட்டம் வரும் என்ற ஆட்சேபம் நியாயமானது. குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அடுத்த ஆண்டு குளம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் தாய் மீனை எதற்கு விட்டுவைப்பார்? கோடையில் கிடங்குத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் விராலையும் தோண்டி எடுப்பது இதனால்தான். 61 நாள் என்பது ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. குத்தகைத் தொகையிலும் அந்த ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம். குத்தகைக் காலத்தை மூன்று ஆண்டாக்கினால் அவரே காவல் வைப்பார். வலை இழுக்கும் கூலித் தொழிலாளருக்குக் கடலோரத்தில் கொடுப்பதுபோல் தடைக்கால நிவாரணம் வழங்கலாம்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக ஆரியங்காவு போனால் கேரளம். முதல் மழைக்கு ஏறிவரும் சினை மீனைப் பிடிப்பது அங்கே 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ஒரே மலையின் மழைதான் இரண்டு பக்கமும் இறங்குகிறது.

வடகிழக்குப் பருவத்திலும் விரால் பொரிக்கும். அதற்கும் சேர்த்துத் தடை கேட்டால் எதுவுமே கிடைக்காது என்பதால், ஆண்டு முழுதுக்குமான பிடி அளவைக் கேட்கிறோம்: ஒரு தூண்டிலுக்கு நாளொன்றுக்கு இரண்டு விரால், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தது எதுவானாலும் தண்ணீரில் விட வேண்டும், பார்ப்போடு நிற்கும் மீனை எக்காலத்திலும் தொடக்கூடாது. கடல் மீனுக்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்கி, கேரளத்தில் ஏற்கனவே நடைமுறையில் வைத்திருக்கிறார்கள்.

இவை தவிர, கீழ்க்கண்டவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

1. பேட்டரி மின்சாரம், வெடி, நஞ்சு கொண்டு மீன் பிடிப்போர் மீது நடவடிக்கை எடுத்தல்.
2. கொசுவலையைக் குளங்களில் தடை செய்தல்.
3. ஒவ்வொரு குளத்திலும் கோடையில் இறைக்கக் கூடாத ஒரு கிடங்கை எல்லைக் கல் நட்டு ஒதுக்குதல்.
4. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி குளங்களில் விடப்படாமல் கண்காணித்தல்.
5. கட்லா, ரோகு குஞ்சுகளோடு நாட்டு மீன் குஞ்சுகளையும் இருப்புச் செய்தல்.
6. தூண்டில் போடுவோருக்கு அடையாள அட்டை வழங்குதல்.
7. இலத்தூர் விலக்கிலும் குளக்கரைகளிலும் விதிகளைத் தமிழில் எழுதிய பலகை வைத்தல்.

இவ்வேழும் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம். முதற்கோரிக்கை தாமதமானால் இன்னொரு சாரலும் அப்படியே போய்விடும். வரும் ஜூன் 15க்கு முன் குத்தகைதாரர், வலைத் தொழிலாளர், எங்கள் சங்கம் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே நாளில் அழைத்துப் பேசுமாறும், எடுக்கும் முடிவை, அது மறுப்பாகவே இருந்தாலும், காரணத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் (சங்கத்திற்காக)
இலத்தூர்