கணினிக் காவலனும் குற்றமற்ற கோப்பும்

கணினி வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில், வைரஸ் தடுப்பு மென்பொருளாகிய காவலன் இன்றி அதனை ஆள்வார் மிகச் சிலரே. அக்காவலன் நமக்கு நாடோறும் புரியும் நன்மை பெரிது. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், அவன் சிற்சில வேளைகளில் யாதொரு தீங்கும் இல்லாத கோப்பினைத் தீயதெனச் சாற்றிப் பற்றிக்கொள்கின்றான். அச்சமயத்தில் வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்று செய்கின்றனர். சிலர் அஞ்சி, ஆராயாமல் அக்கோப்பினை அழித்துவிடுகின்றனர். வேறு சிலர் சினந்து, காவலனையே பணியினின்று நீக்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் பிழை. காவலன் கூறுவது குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பன்று. ஆராய்ந்து தீர்ப்பளித்தல் கணினி உடையவரின் கடன். இதுவே ஈண்டு யாம் கூறப் புகுவது.

முதற்கண், இப்பிழை எங்ஙனம் நேர்கின்றதென்று காண்போம். காவலன் இருவகையால் தீயதை அறிகின்றான். முன்னரே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாகக் கொண்டு ஒவ்வொரு கோப்பினையும் அவற்றோடு ஒப்பிடுதல் ஒன்று. புதியதொரு நிரலின் அமைப்பையும் நடத்தையையும் கண்டு, இது தீயதாகலாம் என உய்த்துணர்தல் மற்றொன்று. முன்னது கைரேகை கொண்டு கள்வனைக் காணுதல் போல்வது. பின்னது நள்ளிரவில் மூட்டையோடு செல்வானை ஐயுற்று நிறுத்துதல் போல்வது. ரேகையின் சிறு துண்டு இருவருக்கு ஒத்திருத்தல் கூடும். மூட்டை சுமப்பார் அனைவரும் கள்வரும் அல்லர். ஒரு நிரல் வைரஸா அன்றா என்பதை எஞ்ஞான்றும் பிழையின்றிக் கூறவல்ல முறை ஒன்று இருத்தல் இயலாதென்பதை, பிரெட் கோஹன் என்னும் அமெரிக்க அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே தருக்க முறையால் நாட்டினார். ஆகவே, பிழையே செய்யாத காவலனை எதிர்நோக்குதல் வீண்.

எளியதொரு கணக்கும் இதனை விளக்கும். ஒரு வீட்டுக் கணினியில் 2,00,000 கோப்புகள் உள்ளன என்றும், காவலன் 1,00,000 நல்ல கோப்புகளில் ஒன்றனை மட்டுமே தவறாகப் பற்றுவான் என்றும் கொள்வோம். வைரஸ் ஒன்றேனும் இல்லாத அக்கணினியிலும் 2 கோப்புகள் குற்றஞ்சாட்டப்படும். காவலனை இன்னும் கூர்மையாக்கினால் இவ்வெண் பெருகும். தளர்த்தினாலோ மெய்க்கள்வர் தப்புவர்.

இப்பிழையால் விளைந்த கேடு சிறிதன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மெக்காஃபி நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையா உறுப்பாகிய எஸ்விசிஹோஸ்ட் என்னும் கோப்பினை வைரஸ் எனக் கொண்டது. ஆயிரக்கணக்கான கணினிகள் வலைத் தொடர்பிழந்து, மீண்டும் மீண்டும் அணைந்தெழுந்து, பயனற்றுக் கிடந்தன. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இடர்ப்பட்டன. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் சோஃபோஸ் நிறுவனத்தின் காவலன் தன்னைப் புதுப்பிக்கும் தன் உறுப்பையே தீயதெனப் பற்றினான். பொற்கொல்லன் சொற்கேட்டு, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதை தமிழறிந்தார் யாவரும் அறிந்தது. ஆராயாமல் அழிப்பதன் தீமையை இதனினும் விரித்துரைக்க வேண்டுவதின்று.

இனி, மறுபுறத்தையும் நோக்குவோம். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 3சிஎக்ஸ் என்னும் நிறுவனத்தின் தொலைபேசி மென்பொருளைக் காவல் மென்பொருள்கள் சில தீயதெனச் சாற்றின. அது பெயர்பெற்ற நிறுவனத்தது. முறையான டிஜிட்டல் கையொப்பம் உடையது. ஆதலின் அது பொய்க்குற்றமே என்று பலர் கருதினர். சில நாட்கள் சென்றபின், பகைவர் அந்நிறுவனத்தின் உள்ளே புகுந்து, மென்பொருள் உருவாகும்பொழுதே அதில் நஞ்சு கலந்திருந்தனர் என்பது வெளியாயிற்று. காவலன் கூறியது மெய். அதனைப் பொய்யென ஒதுக்கினாரே ஏமாந்தார். அன்றியும், திருட்டு மென்பொருளை வழங்குவோர், "வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு இதனை நிறுவுக, அது கூறுவது பொய்" என்று எழுதி வைப்பது வழக்கம். கள்வனே காவலனை உறங்கச் சொல்லுங்கால் அதனை நம்புதல் பேதைமையன்றோ?

ஆயின் வீட்டிலுள்ளார் செய்யத்தகுவது யாது? பற்றப்பட்ட கோப்பினை முதலில் அழிக்கவும் வேண்டா, விடுவிக்கவும் வேண்டா. காவல் மென்பொருள் அதனைத் தனிச்சிறையில் வைக்கும். ஆண்டு அது இயங்காது. வேண்டுங்கால் மீட்கவும் படும். அங்கேயே இருக்க விட்டு வினவுக: இக்கோப்பு எங்கிருந்து வந்தது? ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தா, முன்பின் அறியாதார் தந்ததா? ஆக்கியோர் தம் தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 என்னும் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டிருப்பின், நம்மிடமுள்ள கோப்பின் எண் அதனோடு ஒக்கின்றதா? காவலனைப் புதுப்பித்தபின்னும் குற்றச்சாட்டு நிற்கின்றதா?

அடுத்து, பல காவலர் கருத்தையும் ஒருங்கே கேட்டல் நன்று. 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வைரஸ்டோட்டல் என்னும் தளம் இதற்கு உதவும். பெயர்பெற்ற பலரும் ஒரே வைரஸின் பெயரைச் சுட்டுவாராயின், குற்றம் மெய்யாதல் கூடும். ஓரிருவர் மட்டும் பொதுப்பெயரால் ஐயுறுவாராயின், பொய்யாதல் கூடும். ஆயினும் இதுவும் சாட்சியேயன்றி முடிவன்று. புதிய வைரஸைப் பலர் அறியாதிருத்தலும் உண்டு. அத்தளத்தில் இடுங்கோப்பு பிறர் கைக்கும் செல்லுமாதலின், சொந்தக் கடிதங்களையும் கணக்குகளையும் அங்கு இடலாகாது. பொய்யெனத் தெளிந்தால், காவல் மென்பொருள் ஆக்கியோர்க்கு அக்கோப்பினை அனுப்பி முறையிடுக. நம் முறையீட்டால் பிறரும் பயன்பெறுவர். உடனே வேண்டுமாயின், அவ்வொரு கோப்பிற்கு மட்டும் விலக்களித்து மீட்க. கோப்புறை முழுமைக்கும் விலக்களித்தல், காவலனுக்குத் தெரியாத வாயில் ஒன்றைத் திறந்துவைப்பதாகும்.

'இத்துணை ஆராய வீட்டாருக்கு நேரமேது?' எனச் சிலர் வினவலாம். நேரமில்லையேல் கோப்பு சிறையிலேயே கிடக்கட்டும். காத்திருத்தலால் வரும் இழப்பு சிறிது. அவசரத்தால் வரும் இழப்போ பெரிது.

நம் மாணவர்க்கு இப்பொருள் பிறிதொரு வகையாலும் உரியது. அவருள் பலர் பைத்தான் மொழியில் நிரல் எழுதி, பைஇன்ஸ்டாலர் என்னும் கருவியால் தனி நிரற்கோப்பாக்கி நண்பர்க்குத் தருகின்றனர். அதே கருவியைத் தீயோரும் கையாள்வதால், மாணவரது குற்றமற்ற நிரலும் அடிக்கடி பற்றப்படுகின்றது. பொருள் செலவிட்டுக் கையொப்பச் சான்று பெறும் பெருநிறுவனத்தின் நிரல் எளிதிற் செல்ல, வறிய மாணவன் நிரல் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றது. அறியப்படாமை ஒன்றே குற்றமாதல் முறையோ? காவல் மென்பொருள் ஆக்குவோர் இத்தகையார் முறையீட்டை விரைந்து கேட்டுத் திருத்துதல் வேண்டும். மாணவரும் தம் நிரலின் மூலத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் வெளிப்படையாக வைத்தல் வேண்டும். "காவலை நிறுத்துக" என்று நண்பர்க்குக் கூறுதல் ஒருபோதும் ஆகாது. அங்ஙனம் பழகிய நண்பர், நாளை கள்வன் அதே சொல்லைக் கூறும்பொழுதும் கேட்பரன்றோ?