கித்தாரும் சீவாளியும்

நம் மாணாக்கர் சிலர் மின்கித்தார் பயில்வதைப் பெரியோர் பலர் வெற்றிரைச்சல் என்று கடிந்துரைப்பர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அண்மையில் அவர்தம் பயிற்சியை அருகிருந்து கேட்டபோது, குற்றம் இசையிலன்று, திருகிலே என்று உணர்ந்தேன்.

ஜேர்மனியின் ஹெலோவீன் குழுவினர் 1987 இல் வெளியிட்ட இசைத்தட்டாற் பெரிதும் பரவிய ‘பவர் மெற்றல்’ இசையில் விரைவும் இனிமையும் இணைந்து செல்லும். அதற்குரிய பழைய வால்வு ஒலிபெருக்கிகளின் குரலை இன்று சிறியதோர் எண்முறைக் கருவியே கணித்துத் தந்துவிடுகின்றது. பிள்ளைகளோ ஒலியைக் கரகரப்பாக்கும் ‘கெயின்’ திருகை இறுதிவரை முறுக்கி, நடுவொலியை அறவே குறைக்கின்றனர். தனித்து வாசிக்குங்கால் அது கம்பீரமே. முரசும் பாட்டும் சேர்ந்தவுடன் கித்தார் மறைந்துபோகின்றது! கெயினைத் தணித்து, நடுவொலியை உயர்த்தி, ஏறத்தாழ 100 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள முழக்கத்தை வடித்துவிடின் ஒவ்வொரு சுரமும் தெளியும். முன்னால் ‘ரியூப் ஸ்கிரீமர்’ வகை மிதியொன்றைச் சேர்த்து, அதன் கரகரப்பைக் குறைத்து அளவைக் கூட்டினால் தடித்த தந்தியின் ஒலியும் இறுகும்.

நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவில் நாதசுரக் கலைஞர் சீவாளியை மாற்றி மாற்றி ஊதிப் பார்க்கையில் நாம் பொறுமையுடன் காத்திருக்கின்றோம். அப்பொறுமையிற் சிறிது இவ்விளைஞர்க்கும் ஆகாதோ? மேடையை மறுப்பதை விடுத்து, நாதசுரத்துக்கும் தவிலுக்கும் செவி பழகிய ஆசிரியரொருவர் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து, கித்தார் கேட்கின்றதா இல்லையா என்று அவர்க்குச் சொல்லட்டும்.